குற்றம், தண்டனை பத்தி "விமர்சனமா" யோசிக்கறப்ப வழக்கமா சறுக்குற இடங்கள்

ஒரு குற்றச் செய்தி வந்தா நம்ம வாயில வர்ற முதல் கேள்வி "ஏன் இப்படிப் பண்ணான்?"ங்கறதுதான். வளர்ப்பு சரியில்ல, போதை, பணத்தாசை, மனநோய், சினிமான்னு ஆளுக்கொரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க. கிரிமினாலஜியும், அதாவது குற்றத்தப் பத்தின படிப்பும், ரொம்ப காலம் இந்த ஒத்தக் கேள்வியச் சுத்தியேதான் ஓடிட்டு இருந்துச்சு. 1876ல இத்தாலியில லொம்ப்ரோசோன்னு ஒரு டாக்டர், தாடை இப்படி இருந்தா, காது இப்படி இருந்தா, நெத்தி இப்படிச் சரிஞ்சிருந்தா அவன் பிறவிக் குற்றவாளின்னு ஒரு புத்தகமே போட்டார், அது ஐரோப்பா முழுக்க பெரிய விஞ்ஞானமாவும் ஓடுச்சு. குற்றவாளின்னு அவர் எடுத்து அளந்தது யாரைன்னு பாத்தா ஜெயில்ல இருந்தவங்கள. மாட்டிக்காத திருடனோட காது எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரிய வழியே இல்ல.

விமர்சன கிரிமினாலஜின்னு இன்னைக்கு சொல்றது இந்த ஓட்டையப் பிடிச்சுக்கிட்டு வளர்ந்ததுதான். 1963ல அமெரிக்காவுல ஹோவர்ட் பெக்கர்ங்கற சமூகவியலாளர், ஒரு செயல் "தப்பு" ஆகறது அந்தச் செயலோட குணத்தால மட்டும் இல்ல, மத்தவங்க அதுமேல ஒரு விதியப் போட்டு அந்த ஆளுக்கு ஒரு முத்திரை குத்துறதாலயும்தான்னு எழுதினார், பத்து வருஷம் கழிச்சு பிரிட்டன்ல டெய்லர், வால்டன், யங்னு மூணு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதி, அரசு, பொருளாதாரம், அதிகாரம் எல்லாத்தையும் இதுக்குள்ள இழுத்துட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் கேள்வியே மாறிடுச்சு: இத குற்றம்னு யார் முடிவு பண்ணா? அதே காரியத்த யார் பண்ணா கேஸ் ஆகுது, யார் பண்ணா ஆகறதில்ல? தண்டனை உண்மையில யாருக்கு என்ன பண்ணுது?

இதப் புரிஞ்சுக்கறதுல ரெண்டு கோஷ்டி சறுக்குது. ஒண்ணு, இந்தக் கேள்விங்களக் கேள்வியே படாதவங்க. இன்னொண்ணு, போன மாசம்தான் படிச்சுட்டு இனிமே எல்லாத்துக்கும் இதான் பதில்னு கிளம்புறவங்க. எனக்கு ரெண்டாவது கோஷ்டிமேலதான் எரிச்சல் ஜாஸ்தி, ஏன்னா நல்ல கேள்விய எடுத்து வறட்டு கோஷமா ஆக்கிடறாங்க. அதனால ஒவ்வொரு தப்புக்கும் அதோட எதிர்ப்பக்கத் தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

சட்டமும் குற்றமும் ஒண்ணுன்னு நினைக்கிறது

"சட்டத்துல இருந்தா குற்றம், இல்லன்னா இல்ல, முடிஞ்சு போச்சு"ங்கறது முதல் தப்பு. இங்கிலாந்துல 1961 வரைக்கும் தற்கொலைக்கு முயற்சி பண்ணிப் பிழைச்சவர் மேல கேஸ் போட முடியும். அதே இங்கிலாந்துல 1991 வரைக்கும் பொண்டாட்டிய புருஷன் பலாத்காரம் பண்ணா சட்டத்தோட கண்ணுல அது பலாத்காரமே இல்ல, அந்த வருஷம்தான் அங்க இருந்த உச்ச நீதியமைப்பு இந்த விதிவிலக்கு செல்லாதுன்னு சொல்லுச்சு. அமெரிக்காவுல 1920ல இருந்து 1933 வரைக்கும் சாராயம் காய்ச்சி வித்தவன் குற்றவாளி, 1933 டிசம்பருக்கு அப்புறம் வித்தவன் வியாபாரி. ஆளும் அதே, சரக்கும் அதே.

1723ல இங்கிலாந்து பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டுச்சு, காட்டுல முகத்துல கரி பூசிக்கிட்டு மான் வேட்டையாடினா, மரத்த வெட்டினா, மீன் குளத்த உடைச்சா தூக்குன்னு, ஒரே சட்டத்துல ஐம்பது வகைக் குற்றத்துக்கு மரண தண்டனை. அதுவரைக்கும் அந்தக் காட்டுல விறகு பொறுக்கி, மான் அடிச்சு வாழ்ந்தவங்க பரம்பரை உரிமைன்னு நினைச்சிருந்தது ஒரே நாள்ல தூக்குக்குப் போற குற்றம் ஆச்சு. அதே அரசு இந்தியாவுல 1871ல குற்றப் பரம்பரைச் சட்டத்தக் கொண்டு வந்து, சில சமூகங்கள்ல பொறந்தாலே குற்றவாளின்னு பதிவேட்டுல பேர் எழுதுச்சு, பின்னாடி கைரேகையும் வாங்குச்சு, ராத்திரி எங்க படுக்கணும்னு சொல்லுச்சு. 1911க்கு அப்புறம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு, 1952லதான் நாடு முழுக்க ரத்தாச்சு. இதுல யாரும் எதையும் "பண்ணவே" இல்லைங்கறத கவனிங்க. லொம்ப்ரோசோவுக்காவது அளக்க ஒரு மண்டையோடு தேவைப்பட்டுச்சு.

சரி, இதப் படிச்ச உடனே வர்ற எதிர்த் தப்பு என்னன்னா, "அப்போ குற்றமே கற்பனைதான், எல்லாம் சமூகம் கட்டினதுதான்"னு தாவுறது. பெக்கர் சொன்னது அது இல்ல. ஒருத்தன் கத்தியால குத்தினா ரத்தம் வர்றது யாரும் கட்டின கதை இல்ல. அந்தக் குத்த கொலை முயற்சியா, தற்காப்பா, குடும்பச் சண்டையா, போர் வீரமா எந்தப் பெட்டியில போடறதுங்கறதுதான் சமூகம் முடிவு பண்றது. வலி நிஜம், பெட்டி மனுஷங்க செஞ்சது. இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல தலையில வச்சுக்க முடியாதவங்க இந்தப் பாடத்துல ரொம்ப தூரம் போக முடியாது.

போலீஸ் எண்ணிக்கைய குற்ற எண்ணிக்கைன்னு படிக்கிறது

இதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு, படிச்சவங்க, ஜர்னலிஸ்ட், ஆராய்ச்சி பண்றவங்க வரைக்கும் பண்றாங்க. "இந்த வருஷம் குற்றம் 12 சதவீதம் கூடிடுச்சு"ன்னு ஒரு தலைப்பு பாத்தா அதுக்கு அர்த்தம், போலீஸ் பதிவு பண்ண எண்ணிக்கை கூடியிருக்குங்கறது மட்டும்தான். ஒரு சம்பவம் அந்த எண்ணுக்குள்ள வரணும்னா பாதிக்கப்பட்டவருக்கு இது குற்றம்னு தோணனும், புகார் குடுக்க தைரியம் வேணும், போனா மரியாதையா நடத்துவாங்கன்னு ஒரு நம்பிக்கை வேணும், ஸ்டேஷன்ல எழுதிக்கணும், எழுதறப்ப சரியான பிரிவுல எழுதணும், இதுல எங்க கழண்டாலும் அந்தச் சம்பவம் புள்ளிவிவரத்துல நடக்கவே இல்ல. இந்த ஓட்டைய அடைக்கத்தான் அமெரிக்காவுல 1973லயும் பிரிட்டன்ல 1982லயும் வீடு வீடா போய் "உங்களுக்கு ஏதாவது நடந்துச்சா"ன்னு மக்களையே கேக்குற சர்வே ஆரம்பிச்சாங்க. கேட்டா, போலீஸுக்குப் போகாத சம்பவம் எக்கச்சக்கமா வந்துச்சு.

அதனால பாலியல் குற்றப் புகார் ஒரு இடத்துல கூடுதுன்னா அங்க நிலைமை மோசமாகுதுன்னும் இருக்கலாம், பொண்ணுங்க இப்பதான் வாயத் திறக்கறாங்க, போலீஸ் இப்பதான் காது குடுக்குதுன்னும் இருக்கலாம். வெறும் எண்ண வச்சு ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாது. ஸ்வீடன் கதை இதுக்கு நல்ல உதாரணம். ஐரோப்பாவுலயே பலாத்காரம் அதிகம் நடக்குற நாடுன்னு அந்த நாட்டோட எண்ண எடுத்துப் போட்டு வருஷா வருஷம் அரசியல் பண்றாங்க. அங்க ஒரே ஆள் ஒரே பொண்ண பல தடவை பண்ணியிருந்தா ஒவ்வொரு தடவையும் தனித்தனி கேஸா எண்ணுவாங்க, புகார் வந்த உடனேயே பதிவாகிடும், பின்னாடி வேற பிரிவா மாறினாலும் அந்த எண்ணுல இருந்து எடுக்க மாட்டாங்க, 2005ல சட்டத்தோட வரையறையையும் அகலப்படுத்தினாங்க. இதத் தெரியாம, இறுக்கமா எண்ணுற இன்னொரு நாட்டோட பக்கத்துல வச்சு ஒப்பிட்டா வர்றது குப்பைதான். நாடு விட்டு நாடு ஒப்பிடணும்னா ஓரளவுக்கு நம்பலாம்னு இருக்கறது கொலை எண்ணிக்கை, ஏன்னா பொணத்த மறைக்கறது கஷ்டம்.

போதைப்பொருள் கைது எண்ணிக்கை இன்னும் மோசம். அதுல புகார் குடுக்கவே ஆள் கிடையாது, வாங்கினவனும் வித்தவனும் யாருகிட்டயும் போய் சொல்லப் போறதில்ல. அப்போ அந்த எண் அளக்கறது எத? போலீஸ் எங்க போய் தேடுச்சுங்கறதத்தான். வலை போட்ட இடத்துலதான் மீன் இருக்குன்னு சொல்ற மாதிரி. நியூயார்க்ல 2011ல மட்டும் தெருவுல நிறுத்தி சோதனை பண்ணது 6,85,000க்கு மேல, அதுல பத்துல ஒன்பது பேர் கிட்ட கைது பண்ணவோ சம்மன் குடுக்கவோ ஒண்ணுமே கிடைக்கல, நிறுத்தப்பட்டதுல பெரும்பங்கு கறுப்பின, லத்தீனோ ஆளுங்க. 2013ல கோர்ட் அது நடத்தப்பட்ட விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் சோதனை எண்ணிக்கை பத்துல ஒரு பங்குக்கும் கீழ இறங்குச்சு, ஊரே நாறிப் போகும்னு மிரட்டினாங்க, அடுத்தடுத்த வருஷங்கள்ல குற்றம் ஏறவே இல்ல.

இப்ப இதே டேட்டாவ கம்ப்யூட்டருக்குக் குடுத்து "நாளைக்கு எங்க குற்றம் நடக்கும்"னு கேக்குற மென்பொருள் வந்திருக்கு. "மெஷினுக்கு ஜாதி மதம் தெரியாது, அதனால அது நடுநிலை"ங்கறது இந்தக் காலத்து ஸ்பெஷல் தப்பு. 2016ல ஓக்லாந்து நகரத்தோட போதைப்பொருள் பதிவுகள வச்சு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி ஒரு அல்காரிதத்த ஓட்டிப் பாத்தாங்க. சர்வே கணக்குப்படி எல்லா இனத்து ஆளுங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் போதைப்பொருள் எடுத்துக்கறாங்க, ஆனா மென்பொருள் போலீஸ அனுப்பச் சொன்னது கறுப்பின மக்கள் இருந்த பகுதிகளுக்கே. பழைய பதிவு எங்க அடர்த்தியா இருக்கோ அங்க அனுப்பும், அனுப்பினா அங்க புதுப் பதிவு வரும், புதுப் பதிவு வந்தா இன்னும் அடர்த்தியாகும். மெஷின் பொய் சொல்லல, போலீஸோட பழைய பழக்கத்த உண்மையா திருப்பிச் சொல்லுது, பிரச்சனையே அதுதான்.

இதுக்கும் எதிர்த் தப்பு ஒண்ணு இருக்கு, சின்னது. "எல்லா எண்ணும் பொய், எதையும் நம்ப முடியாது"ன்னு கைய உதறுறது. எண் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா அது ரொம்ப உபயோகமான சாட்சி, குற்றத்தப் பத்தி இல்லன்னாலும் சிஸ்டத்தப் பத்தி.

தெருவுல நடக்கறத மட்டும் குற்றம்னு பாக்குறது

எட்வின் சதர்லேண்ட் 1939ல அமெரிக்க சமூகவியல் சங்கத்தோட தலைவரா ஒரு பேச்சு பேசினார், அங்கதான் வெள்ளைக் காலர் குற்றம்ங்கற பேரே பொறந்துச்சு, அதாவது அந்தஸ்துல இருக்கறவங்க அவங்க தொழில் வழியா பண்ற குற்றம். 1949ல புத்தகமா வந்தப்ப அமெரிக்காவோட 70 பெரிய கம்பெனிங்க மேல கோர்ட்டும் அரசு அமைப்புகளும் குடுத்த தீர்ப்புகள எண்ணியிருந்தார், மொத்தம் 980. அதுல கிரிமினல் கோர்ட்ல வந்தது 158 மட்டும்தான். மத்ததெல்லாம் "நிறுத்திக்கோ", "அபராதம் கட்டு" ரகம். அவர் சொன்ன முடிவு எளிமையானது: வறுமை, உடைஞ்ச குடும்பம், மூளைக் கோளாறுன்னு குற்றத்துக்கு காரணம் சொல்றீங்களே, இந்தக் கம்பெனி முதலாளிங்க யாருக்கும் அந்தப் பிரச்சனை இல்லையே? பதிப்பாளர் வழக்குக்குப் பயந்து கம்பெனி பேர் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னார். பேரோட முழுப் பதிப்பு வந்தது 1983ல, அவர் செத்து முப்பது வருஷம் கழிச்சு. கம்பெனிங்க குற்றத்தப் பத்தி எழுதின புத்தகத்துக்கே இந்த கதின்னா மீதிய நீங்களே யோசிச்சுக்கோங்க.

போபால்ல 1984 டிசம்பர்ல விஷவாயு கசிஞ்சு ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. 2010 ஜூன்ல, இருபத்தஞ்சு வருஷம் தாண்டி வந்த தீர்ப்புல ஏழு பேருக்கு ரெண்டு வருஷம் ஜெயில், அன்னைக்கே பெயில். பங்களாதேஷ்ல ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24ல இடிஞ்சு 1,100க்கு மேல தொழிலாளிங்க செத்தாங்க. முந்தின நாளே சுவர்ல விரிசல் விட்டிருந்துச்சு, கீழ்த்தளத்துல இருந்த பேங்க் மூடிட்டாங்க, மேல தையல் தொழிலாளிங்கள மட்டும் வேலைக்கு வரச் சொன்னாங்க. இந்த மாதிரி சாவுங்கள "விபத்து"ன்னு எழுதறப்பவே பாதி கேஸ் முடிஞ்சுடுது. கத்தி எடுத்தவன் கிட்ட "உனக்கு நோக்கம் இருந்துச்சா"ன்னு சட்டம் கேக்கும், இருந்துச்சுன்னு தெரிஞ்சா முழு தண்டனை. காசு மிச்சம் பிடிக்க பாதுகாப்ப வெட்டினவனுக்கு யாரையும் கொல்லணும்ங்கற நோக்கம் இல்ல, யார் செத்தாலும் பரவாயில்லைங்கற அலட்சியம் மட்டும்தான், சட்டத்துக்கு அது சின்னது. எது மோசம்னு நீங்க எந்தப் பக்கம் வேணா சாயலாம், ஆனா நோக்கத்துக்கு இவ்வளவு எடை குடுக்கறது இயற்கை விதி இல்ல, ஒரு தேர்வுங்கறது ஞாபகம் இருக்கட்டும்.

இதனாலதான் 1990களோட கடைசியில பிரிட்டன்ல சிலர், குற்றம்ங்கற பெட்டியையே விட்டுட்டு தீங்கு எங்க வருது, எவ்வளவு வருதுன்னு அளக்கலாமேன்னு கிளம்பினாங்க. சம்பளத்த ஏமாத்தறது, காத்த நாசம் பண்றது, தெரிஞ்சே கெட்ட மருந்து விக்கறது எல்லாம் அதுக்குள்ள வரும். நல்ல யோசனை, ஆனா எல்லை எங்கன்னு சொல்ல முடியாம கொஞ்சம் தவிக்குது.

இங்க எதிர்த் தப்பு என்னன்னா, காலையில "ஜெயில் யாரையும் திருத்தாது, ஏழைங்கள அடைக்கிற கிடங்கு"ன்னு பேசிட்டு சாயங்காலம் "அந்த முதலாளிய இருபது வருஷம் உள்ள போடணும்"னு கத்தறது. ஜெயில் வேலை செய்யாதுன்னா யாருக்கும் வேலை செய்யாது. சில பேருக்கு மட்டும் வேலை செய்யும்னா ஏன்னு விளக்கணும். லைசென்ஸ் ரத்து, நஷ்ட ஈடு, டைரக்டரா இருக்கத் தடைன்னு வேற வழி எவ்வளவோ இருக்கு, ஆனா கோபத்துல யாருக்கும் அது ஞாபகம் வர்றதில்ல.

"வறுமைதான் காரணம்"

இரக்கமுள்ளவங்க பண்ற தப்பு இது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டே கேள்வியில உடையும். உலகத்துல பெண்கள் ஆண்கள விட பணக்காரங்களா? இல்ல. அப்புறம் ஏன் உலக ஜெயில்கள்ல பெண்கள் சுமார் 7 சதவீதம் மட்டும்? 2008 பொருளாதார வீழ்ச்சியில அமெரிக்காவுல லட்சக்கணக்கானவங்க வேலை இழந்தாங்களே, அப்ப ஏன் குற்றம் ஏறாம இறங்குச்சு? இதுல இன்னொரு விஷமும் இருக்கு, ஏழைன்னா குற்றம் பண்ணுவான்னு சொல்றது, ஏழைங்கள சந்தேகத்தோட பாக்குற போலீஸ்காரர் சொல்றதேதான், குரல் மட்டும் மென்மையா இருக்கு.

வறுமைக்கும் ஜெயிலுக்கும் இருக்கற தொடர்பு அவ்வளவு நேர்கோடு இல்ல. வில்லியம் சாம்பிலிஸ்ங்கற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு ஸ்கூல்ல ரெண்டு பசங்க கூட்டத்த ரெண்டு வருஷம் பாத்து 1973ல எழுதினார். வசதியான வீட்டுப் பசங்க எட்டு பேர், வசதி கம்மியான பசங்க ஆறு பேர். ரெண்டு கூட்டமும் ஸ்கூல கட் அடிச்சுச்சு, குடிச்சுச்சு, திருடுச்சு, உடைச்சுச்சு. எட்டு பேர்ல ஒருத்தன் கூட கைதாகல, ஆறு பேர் ஓயாம போலீஸ் தொல்லையில. காரணம் மூணு: வசதியான பசங்ககிட்ட கார் இருந்துச்சு, ஊரத் தாண்டிப் போய் ஆட்டம் போட்டாங்க, மத்தவங்க தெருமுனையில எல்லார் கண்ணு முன்னாடியும் நின்னாங்க. மாட்டினா வசதியான பசங்க "சாரி சார்"னு பணிவா நின்னாங்க, இவங்க முறைச்சாங்க. மூணாவது, வாத்தியாருக்கும் போலீஸுக்கும் யார் நல்ல பையன்னு ஏற்கனவே தெரியும், அதாவது தெரியும்னு நினைச்சாங்க. இதுவரைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. அதே கட்டுரையில, அந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் பின்னாடி கொலைக் கேஸ்ல உள்ள போனாலும் வேற ரெண்டு பேர் விளையாட்டு ஸ்காலர்ஷிப்ல காலேஜ் போய் வாத்தியார் ஆனாங்கன்னும் இருக்கு. முத்திரை விதி இல்லைங்கற இந்தப் பாதிய யாரும் சொல்றதில்ல, கதை கெட்டுடும் பாருங்க.

சட்டமே வித்தியாசம் பண்ற இடமும் உண்டு. 1986ல அமெரிக்கா போட்ட சட்டத்துல கட்டி கொகெய்ன் 5 கிராம் விக்கறதுக்கு வச்சிருந்தா குறைஞ்சது அஞ்சு வருஷம், பொடி கொகெய்னுக்கு அதே அஞ்சு வருஷம் வரணும்னா 500 கிராம் வேணும். ரெண்டும் ஒரே மருந்துதான். கட்டி ஏழைக் கறுப்பினத் தெருவுல ஓடுச்சு, பொடி பணக்காரப் பார்ட்டியில ஓடுச்சு. 2010ல இந்த நூறு மடங்க பதினெட்டு மடங்கா குறைச்சாங்க. சமமாக்கல, குறைச்சாங்க.

எல்லாம் ஒரு சதின்னு நம்பறது

மேல சொன்னதெல்லாம் படிச்சா "மேல உக்காந்து எவனோ திட்டம் போடறான்"னு தோணும். சில நேரம் நிஜமாவே போடறாங்க, 1871 சட்டத்த யாரும் தூக்கத்துல எழுதல. ஆனா பெரும்பாலும் சதி தேவையே படறதில்ல, அதுதான் இன்னும் பயங்கரம். ஒருத்தன் கைதாகறான்னு வச்சுக்கோங்க. பெயில் கட்ட காசில்ல, உள்ளயே இருக்கான். வேலை போகுது, வாடகை நிக்குது. கேஸ் எப்ப வரும்னு தெரியாது. "தப்ப ஒத்துக்கோ, இருந்த நாள கழிச்சுட்டு வீட்டுக்குப் போ"ங்கறாங்க. ஒத்துக்கறான். அடுத்த தடவை பிடிபட்டா அவன் "ஏற்கனவே தண்டனை பெற்றவன்", அதனால பெயில் இன்னும் கஷ்டம், தண்டனை இன்னும் நீளம். இதுல போலீஸ், வக்கீல், ஜட்ஜ் யாரும் கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல, ஆளாளுக்கு அவங்க மேஜைக்கு வந்த ஃபைல விதிப்படி தள்ளிவிட்டா போதும். உலக ஜெயில்கள்ல இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இன்னும் தீர்ப்பு வராதவங்க, இந்தியாவுல அது சுமார் நாலுல மூணு பங்கு. அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்கள்ல வர்ற தண்டனைகள்ல 90 சதவீதத்துக்கு மேல விசாரணையே நடக்காம, குற்றத்த ஒத்துக்கிட்டு முடியறது. சினிமாவுல வர்ற கூண்டு, குறுக்கு விசாரணை, கடைசி நேர சாட்சி எல்லாம் மீதி இருக்கற சில்லறைக் கேஸ்லதான்.

சதி பேசறவங்க இன்னொண்ணையும் தவற விடறாங்க. அந்த 1723 சட்டத்தப் பத்தி பெரிய ஆராய்ச்சி பண்ண இ.பி. தாம்ப்ஸன் மார்க்சிஸ்ட் வரலாற்றாசிரியர். சட்டம் பணக்காரன் கையில ஒரு ஆயுதமா இருந்துச்சுன்னு பக்கம் பக்கமா காட்டிட்டு, கடைசியில, ஆனா சட்டம்னு ஒண்ணு இருந்தா ஆளுறவனும் கொஞ்சமாவது அதுக்குக் கட்டுப்பட்டு நடிக்க வேண்டியிருக்கு, சில நேரம் அந்த நடிப்புலயே மாட்டிக்கறான், வெறும் அதிகாரத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு முடிச்சார். அவரோட தோழர்களுக்கே அது கசந்துச்சு. எனக்கு அவர் சொன்னது சரின்னுதான் படுது, கோர்ட் வாசல்ல நிக்கறவங்களக் கேட்டா அவங்களும் அதத்தான் சொல்வாங்க.

பாதிக்கப்பட்டவங்கள மறந்துடறது

1970கள்ல இந்தத் துறையில ஒரு வியாதி இருந்துச்சு. திருடன், ரவுடி எல்லாரையும் முதலாளித்துவத்த எதிர்க்கற போராளியா பாக்குறது. அவன் திருடினது யார் வீட்டுலன்னு யாரும் பாக்கல. 1980கள்ல ஜாக் யங்கும் ஜான் லீயும் இத உடைச்சாங்க. யங் யாருன்னா, 1973ல அந்தப் புத்தகம் எழுதின மூணு பேர்ல ஒருத்தரேதான். லண்டன்ல இஸ்லிங்டன் பகுதியில மக்கள்கிட்ட சர்வே எடுத்தாங்க, வந்த பதில் தெளிவா இருந்துச்சு: குற்றத்தால அதிகம் அடிபடறது ஏழைங்க, பெண்கள், சிறுபான்மையினர். சாயங்காலம் வெளிய வர பயந்து உக்காந்திருக்கறவங்க கிட்ட போய் "உங்க பயம் மீடியா உருவாக்கினது"ன்னு சொல்றது திமிர். போலீஸ் அதிகமா தொல்லை பண்றதும், தேவைப்படறப்ப வராததும் ஒரே தெருவுல நடக்குது, மக்கள் ரெண்டையும் சேர்த்துத்தான் திட்டறாங்க.

பெண்ணிய ஆராய்ச்சியாளர்கள் இத இன்னும் முன்னாடியே சொல்லிட்டாங்க. 1976ல கரோல் ஸ்மார்ட், கிரிமினாலஜி மொத்தமும் ஆம்பளைங்கள வச்சு ஆம்பளைங்க எழுதினது, அதுல பழசு புதுசுன்னு வித்தியாசமே இல்லன்னு போட்டு உடைச்சாங்க. விமர்சனம் பண்றவங்களும் தெருவ மட்டுமே பாத்தா, வீட்டுக் கதவுக்குள்ள நடக்கற அடி உதை யார் கண்ணுல படும்?

பாதிக்கப்பட்டவர்ங்கற அடையாளமே சும்மா கிடைக்கறதில்ல. நார்வே நாட்டு கிரிமினாலஜிஸ்ட் நில்ஸ் கிறிஸ்டி 1986ல ஒரு உதாரணம் சொன்னார்: பட்டப்பகல்ல, உடம்பு சரியில்லாத தங்கச்சியப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்புற ஒரு பாட்டிய, முன்ன பின்ன தெரியாத ஒரு முரட்டு ஆள் அடிச்சு பையப் பிடுங்கிட்டுப் போய் குடிக்கறான். இந்தப் பாட்டிக்கு உடனே எல்லாரோட பரிதாபமும் கிடைக்கும். அதுல ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க, பாட்டிக்கு பதில் ஒரு இளைஞன், பகலுக்கு பதில் ராத்திரி ரெண்டு மணி, தங்கச்சி வீட்டுக்கு பதில் பார், தெரியாத ஆளுக்கு பதில் கூடக் குடிச்சவன், அடியும் காயமும் அதேதான், ஆனா "உனக்கு அங்க என்ன வேலை"ன்னு கேள்வி ஆரம்பிச்சுடும். பலாத்கார கேஸ்ல இந்தக் கேள்விய எங்கெங்க கேக்கறாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதோட ஒட்டின சின்னத் தப்பு ரெண்டு. விளக்கம் குடுத்தா நியாயப்படுத்தறதுன்னு நினைக்கிறது: ஒருத்தன் ஏன் அடிச்சான்னு தெரிஞ்சுக்கறது அடுத்தவன் அடி வாங்காம இருக்க, அவனுக்கு மன்னிப்பு குடுக்க இல்ல. அப்புறம் "இது மீடியா கிளப்பிவிட்ட பீதி"ன்னா ஒண்ணுமே நடக்கலன்னு அர்த்தம் எடுத்துக்கறது. அந்தக் கருத்த பிரபலமாக்கின ஸ்டான்லி கோஹன், 1964 ஈஸ்டர்ல பிரிட்டன்ல கிளாக்டன் கடற்கரையில இளைஞர் கூட்டங்களுக்குள்ள நடந்த தள்ளுமுள்ளப் பத்திதான் எழுதினார், தள்ளுமுள்ளு நடந்துச்சு, ஜன்னல் உடைஞ்சுச்சு. பேப்பர்ல வந்த யுத்தம்தான் நடக்கல.

தண்டனையோட பலனைப் படிக்கிற விதம்

"தூக்குல போட்டா எல்லாம் அடங்கும்"ங்கறவங்களுக்கு: கனடா 1976ல மரண தண்டனைய எடுத்துச்சு, அப்ப கொலை விகிதம் லட்சத்துக்கு 3 கிட்ட, 2000 வாக்குல 2க்குக் கீழ. தூக்க எடுத்ததாலதான் குறைஞ்சுச்சுன்னு இல்ல, எடுத்ததால ஏறலைங்கறது மட்டும்தான். தண்டனை எவ்வளவு கடுமைங்கறத விட மாட்டுவோமாங்கற நிச்சயம்தான் ஆளத் தடுக்குதுன்னு ஆராய்ச்சிங்க பொதுவா சொல்லுது, கடுமைய ஏத்தறது ஒரு கையெழுத்துல முடியும், நிச்சயத்த ஏத்தறதுக்கு நல்ல புலனாய்வு வேணும், அரசியல்வாதி எத தேர்ந்தெடுப்பார்னு சொல்லணுமா.

இன்னொரு பக்கம், ராபர்ட் மார்ட்டின்சன்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1974ல 231 ஆய்வுகளப் பாத்துட்டு, கைதிகளத் திருத்தற திட்டங்கள்ல பெருசா எதுவும் பலன் தரலன்னு எழுதினார். இடதுசாரிங்க "பாத்தீங்களா, திருத்தறேங்கற பேர்ல ஜெயில்ல வச்சிருக்காதீங்க"ன்னு கொண்டாடினாங்க, வலதுசாரிங்க "பாத்தீங்களா, திருத்தவே முடியாது, பூட்டி வைங்க"ன்னு கொண்டாடினாங்க. 1979ல அவரே, சில திட்டம் சில இடத்துல வேலை செய்யுதுன்னு பழைய முடிவ வாபஸ் வாங்கினார். வாபஸ யாரும் படிக்கல, அடுத்த இருபது வருஷம் அமெரிக்க ஜெயில் பெருத்துக்கிட்டே போச்சு.

இப்ப அதிகமா சுத்துறது நார்வே கணக்கு. நார்வேல வெளிய வந்தவங்கள்ல 20 சதவீதம் பேர்தான் திரும்ப மாட்டறாங்க, அமெரிக்காவுல 68 சதவீதம்னு ஒரு படம் போட்டு ஷேர் பண்றாங்க. நார்வேயோட 20ங்கறது ரெண்டு வருஷத்துக்குள்ள புதுசா தண்டனை கிடைச்சவங்க. அமெரிக்காவோட 68ங்கறது 2005ல 30 மாநிலங்கள்ல விடுதலையானவங்கள்ல மூணு வருஷத்துக்குள்ள மறுபடி கைதானவங்க, கைதுதான், தண்டனை இல்ல. கைதெல்லாம் தண்டனையில முடியறதில்ல, மூணு வருஷம் ரெண்ட விட நீளம். நார்வே ஜெயில்ல சின்னச் சின்ன குற்றத்துக்கு கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறவங்களும் நிறைய, அவங்க திரும்பி வர்ற வாய்ப்பே வேற. நார்வே ஜெயில் மனுஷத்தன்மையோட இருக்குங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, அத ஆதரிக்கறதுக்கு இந்தப் படம் தேவையும் இல்ல, அடுத்த தடவை யாராவது அத அனுப்பினா, கைதா தண்டனையா, எத்தனை வருஷத்துக்குள்ளன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க.